நடு நாற்காலி

புகைப்படக்காரரை வர வேண்டாம் என்று சொன்னவன் நான்தான்.

எனக்கு யாரும் உத்தரவு போடவில்லை. நானே சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன், நானே சொன்னேன், நானே திரும்பி வந்து பொய்யும் சொன்னேன். இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. உங்கள் முகம் எனக்குத் தெரியாது... அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது.

ஒரு படம் எடுக்காமல் போனதற்கா இத்தனை ஒப்பாரி என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாகக் கேளுங்கள். நீங்கள் அந்தக் காலத்து மலாக்காவில் வாழ்ந்தவரல்லர்.

அப்போது அலுவலக உத்தியோகஸ்தர் ஒருவர் வேலையை விட்டுப் போனால் பிரிவுபசாரத் தேநீர் விருந்து நடக்கும். விருந்து முடிந்ததும் எல்லோரும் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். போகிறவர் மாலையோடு நடு நாற்காலியில் உட்காருவார். முதலாளி அவருக்குப் பக்கத்தில். அந்தப் படத்தைக் கண்ணாடி போட்டு வீட்டின் முன்கூடத்தில் மாட்டுவார்கள். சம்பந்தம் பேச வருகிறவரும், புது வேலை கொடுக்கிறவரும் முதலில் பார்ப்பது அந்தச் சுவரைத்தான். படம் இருந்தால் மரியாதையாகப் போனவர். இல்லையென்றால்... துரத்தப்பட்டவர். வேறு விசாரணையே கிடையாது!

நான் வேலை பார்த்தது ஒரு கேளிக்கைப் பூங்காவில். ராட்டினம், ஜோகெட் நடன மேடை, குத்துச்சண்டை, மலாய் நாடகக் கொட்டகை எல்லாம் ஒரே தகர வேலிக்குள் இருந்தன. அந்தக் கம்பெனியின் நிதிப் பொறுப்பு முழுவதும் ஞானப்பிரகாசம் சாரின் கையில். காகிதத்தில் அவர் தலைமைக் கணக்காளர். எங்கள் வாயில் பெரிய கிராணி. எனக்கு அவருக்கு அடுத்த மேசை. காஜா பெராங்கில் அவர் வீடும் என் வாடகை அறையும் ஒரே சந்தில் இருந்தன. தோட்டத்தில் கித்தா என்கிற ரப்பர் மரம் சீவியவரின் மகனான எனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

நன்றி இருந்ததா? இருந்தது. எரிச்சலும் இருந்தது. முதன்முதலாக நான் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு போன அன்று, "என்னா தம்பி, மாட்டுக்கு கயிறு கட்டின மாதிரி இருக்கு?" என்று எல்லோர் முன்னிலும் சிரித்தார். பிறகு அவரே அவிழ்த்து, அழகாகக் கட்டிவிட்டார். கட்டிவிட்டதை மறந்துவிட்டேன்; சிரித்ததை மறக்கவில்லை. என்ன புத்தி பாருங்கள்!

மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், வந்த வருடம் அது. ஊரெங்கும் தோரணமும் கொடியும் தயாராகிக்கொண்டிருந்த வேளையில், ராட்டினத்தின் அச்சில் விரிசல் கண்டிருப்பதாக மெக்கானிக் வந்து சொன்னார். புது அச்சு வரும்வரை ராட்டினத்தை நிறுத்த வேண்டும் என்றார் சார். சுதந்திரக் கொண்டாட்டத்துக்கு ஊரே திரண்டு வரும்போது எப்படி நிறுத்துவது என்றார் தவுக்கே. முதலாளியை நாங்கள் அப்படித்தான் அழைப்போம். இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள்.

வெளியே வந்த சாரின் முகம் சிவந்திருந்தது. "நான் கெளம்புறேன் தம்பி. புள்ளைங்கள ஏத்தி அது விழுந்திச்சின்னா, அந்தச் சம்பளத்துல நான் சோறு திங்க முடியாது" என்றார். அவர் ஏன் போனார் என்பது அவர்கள் இருவரையும் தவிர எனக்கு மட்டுமே தெரியும்.

இதையும் சொல்லிவிடுகிறேன்: ராட்டினம் விழவேயில்லை! பற்றவைத்து ஒட்டிய அச்சோடு வருடக்கணக்கில் சுற்றியது. விழுந்திருந்தால் அவரைத் தெய்வம் என்றிருப்பார்கள். அது விழாததால் அவர் பேச்சை எடுக்கவே யாருக்கும் காரணம் இல்லாமல் போயிற்று.

பிரிவுபசாரப் படத்துக்கு ஏற்பாடு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. தவுக்கே அந்த வாரம் முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். சண்டை போட்டுவிட்டுப் போகிற மனிதருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள அவருக்குப் பிடிக்காது என்று நானே முடிவு செய்தேன். அவர் மனம் கோணாமல் நடந்துகொண்டால் காலியாகும் மேசை... ஆம், அதுதான்! எதற்குச் சுற்றி வளைக்க வேண்டும்? அந்த மேசை எனக்கு வேண்டியிருந்தது.

படம் எடுக்க ஏற்கெனவே சொல்லி வைத்திருந்த சீனரின் ஸ்டூடியோவுக்குப் போனேன். "பெரிய கிராணிக்கு உடம்பு சரியில்லை, வர வேண்டாம்" என்று மலாயில் சொன்னேன். அந்த மனிதர் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

விருந்தன்று சாயங்காலம் ராட்டினத்துக்கு முன்னால் நாற்காலிகள் போட்டாயிற்று. டிக்கெட் கிழிப்பவரிலிருந்து ஜோகெட் ஆடும் பெண்கள்வரை தலைவாரிப் பூச்சூடி வந்து நின்றார்கள். சார் கறுப்புக் கோட்டில், ரோஜா மாலையோடு நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலி காலி. காத்திருந்தோம்... காத்திருந்தோம்... வாசல் திறக்கும் நேரமாகிவிட்டது என்று ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

"போட்டோக்காரரு வரல சார். கொண்டாட்ட நேரம், வேற எங்கியாவது மாட்டிக்கிட்டிருப்பாரு."

"பரவால்ல தம்பி. இன்னொரு நாள் எடுத்துக்கலாம்."

மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இன்னும் சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, தான் உட்கார்ந்த நாற்காலியைத் தானே மடக்கிச் சுவரில் சாய்த்தார். நான் கை கொடுக்கவில்லை.

மறுநாள் தவுக்கே என்னை அழைத்தார். ஏன் படம் எடுக்கவில்லை என்று மலாயில் கேட்டார். "அவனோடு எனக்குச் சண்டைதான். ஆனால் நல்ல மனிதன். நான் புதுக் கோட்டுப் போட்டுக்கொண்டு உள்ளே காத்திருந்தேன். நீ கூப்பிடவே இல்லையே?" என்றார்.

கேட்டீர்களா! நான் யாருக்குப் பயந்து அதைச் செய்தேனோ, அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு காத்திருந்தாராம்! அப்போதாவது நான் சரிசெய்திருக்கலாம். ஒரு வார்த்தை சொன்னால் அந்த வாரமே நாற்காலிகளை மறுபடி போட்டிருப்பார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சாரே வேண்டாமென்று சொல்லிவிட்டார்" என்றேன். தவுக்கேயின் முகம் இறுகிப் போயிற்று. சில நாட்களில் அந்த மேசை எனக்குக் கிடைத்தது.

காஜா பெராங் கோப்பிக்கடையில் பேச்சு தொடங்கியது.

"மாலையெல்லாம் போட்டுட்டு போட்டோ எடுக்கலியாமே. கம்பெனி காசுல கைய வெச்சிட்டாரா லா?"

"இவர கேளு, இவருதான் பக்கத்து மேச."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கோப்பியை ஆற்றிக்கொண்டே, "பெரிய எடத்து விஷயம்ண்ணே, நமக்கு எதுக்கு" என்றேன்.

இந்த வாக்கியத்தில் பொய் ஒன்றும் இல்லை. அதனால்தான் அது பொய்யைவிட வேகமாக ஊரைச் சுற்றியது. மாதாகோயிலில் சாருக்குப் பக்கத்தில் உட்கார ஆட்கள் தயங்கினார்கள். அவருக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்த அரிசி மண்டி ராவுத்தர் பின்வாங்கினார். "நல்ல மனுசன்தான்... ஆனா போட்டோ இல்லியே!" என்றாராம். கடைசியில் சார் கிளேபாங்கில் ஒரு சிறிய மளிகைக் கடையில் சாமான் நிறுத்துப் போட்டார். கோட்டுப் போட்ட மனிதர்!

நீங்கள் மட்டும் என்ன யோக்கியம்? அந்தக் கோப்பிக்கடையில் இருந்திருந்தால் எழுந்து நின்று "அவர் அப்படிப்பட்டவர் அல்லர்" என்று சொல்லியிருப்பீர்களா?... மன்னியுங்கள். என் குற்றத்தில் உங்களையும் இழுக்கப் பார்க்கிறேன். பழைய வழக்கம்.

ஓரிரு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் என் வீட்டுக்கு வந்தார். அப்போது நான் கல்யாணமாகி, அதே காஜா பெராங்கில் தனி வீடு எடுத்திருந்தேன்.

"பசியாறியாச்சா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார். சட்டைக் காலர் நைந்திருந்தது. பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அந்த ஸ்டூடியோ சீனர பாத்தேன். அன்னிக்கு எனக்கு ஒடம்பு சரியில்லைன்னு சொன்னாங்களாம். இப்ப தேவலையான்னு கேட்டாரு."

நான் எழுந்துபோய்த் தேநீர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன்.

"அத விடு" என்றார். "ஒரு ஒதவி கேக்க வந்தேன். ஸ்டூடியோவுல நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கலாம். இப்ப நீதான பெரிய கிராணி? நீ என் பக்கத்துல ஒக்காந்தாலே போதும் தம்பி, ஊரு வாய மூடிக்கும். வேற ஒண்ணும் வேணாம்."

அவர் என்னைத் தண்டிக்க வரவில்லை. தப்பித்துக்கொள்ள எனக்கு ஒரு வழி காட்ட வந்தார்! அன்று நான் எழுந்து சட்டை மாட்டியிருந்தால், இன்று உங்களிடம் இப்படிப் புலம்பிக்கொண்டிருக்க மாட்டேன். ஆனால் அந்தப் படத்தைத் தவுக்கே பார்த்தால் என்ன கேட்பார், சாரே வேண்டாமென்றார் என்று சொன்ன என் பொய் என்ன ஆகும் என்றுதான் மனம் ஓடியது.

"இந்த வாரம் வேல ஜாஸ்தி சார். இன்னொரு நாள் எடுத்துக்கலாம்" என்றேன்.

அவர் தலையசைத்தார். தேநீரை முழுவதும் குடித்துவிட்டுத்தான் போனார். பிறகு அவர் என் வாசலை மிதிக்கவில்லை.

பூங்காவை மூடியபோது எனக்கும் பிரிவுபசாரம் நடந்தது. நடு நாற்காலியில் நான், கழுத்தில் ரோஜா மாலை, பக்கத்தில் தவுக்கே. அந்தப் படம் என் வீட்டு முன்கூடத்தில் தொங்குகிறது.

சார் இறந்த சில வாரங்களில் அவர் மனைவி ரோஸ்லின் அக்கா வந்தார்.

"முப்பதாம் நாள் பூசைக்கு வெக்க, அவரு கோட்டு போட்ட படம் ஒண்ணுகூட வீட்ல இல்ல தம்பி. பார்க்குல எடுத்தது எதுனா இருக்கான்னு கேக்கலாம்னு வந்தேன்."

"இல்லக்கா."

"தெரியும். அன்னிக்கு போட்டோக்காரரு வரலியாமே. கடைசி வரைக்கும் அவரு அதத்தான் சொல்லுவாரு."

என் பொய்யை அவர் சாகும்வரை காப்பாற்றியிருக்கிறார்... சொந்த மனைவியிடமே!

எழுந்து புறப்பட்ட அக்கா சுவருக்கு முன்னால் நின்றார். சேலைத் தலைப்பால் கண்ணாடியின் தூசியைத் துடைத்து, உற்றுப் பார்த்தார்.

"ஒங்களுக்கு நல்லா எடுத்திருக்காங்க தம்பி. மால எடுப்பா தெரியுது."

அவர் சந்து முனை திரும்பியதும் படத்தைக் கழற்றுவதற்காக நாற்காலி மேல் ஏறினேன். சட்டத்தில் கைவைத்தேன். அப்படியே நின்றேன். பிறகு இறங்கிவிட்டேன்.

கழற்றினால் வருகிறவர்கள் ஏன் என்று கேட்பார்களே!