மோட்டர்ஹோமில் வந்த இருபத்தொன்றாவது பிறந்தநாள்

சுவிட்சர்லாந்துக்குப் போகலாம் என்று சொன்னது நான்தான். அங்கே படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கும் மோட்டர்ஹோம் வண்டியை வாடகைக்கு எடுக்கலாம் என்றதும் நான்தான். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கோடைக்காலம் அது. இதை யார் தலையிலும் போட முடியாது.

நியூ ஜெர்சியில், பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அபார்ட்மென்டில் சனிக்கிழமை தவறாமல் பாட்லக் நடக்கும். ஆளுக்கொரு பாத்திரத்தோடு போவோம். சாம்பார் சாதம் முடிந்து தயிர் சாதம் வருவதற்குள் பேச்சு விசாவுக்கு வந்துவிடும். வக்கீலிடம் கேட்க வேண்டியதை நாங்கள் அங்கேதான் கேட்போம். ஏற்கெனவே போய் வந்தவர் சொல்வதுதான் எங்களுக்குச் சட்டம்.

எங்கள் விசாவை ஒட்டி வந்த ஒரே மகளுக்கு அந்த ஜூலையில் இருபத்தொரு வயது நிறைகிறது. அன்றோடு எங்களைச் சார்ந்தவள் என்ற தகுதி போய்விடும். கிரீன் கார்டு விண்ணப்பத்திலிருந்தும் அவள் பெயர் விழுந்துவிடும். படிப்பு இன்னும் ஒரு வருடம் இருந்தது. அதை முடிக்க மாணவர் விசா வேண்டும்.

எதிர் பிளாக்கில் இருந்த நண்பர், குழந்தைகளுக்கெல்லாம் அங்கிள், கை கழுவிக்கொண்டே வழி சொன்னார். "இங்கேருந்து போஸ்ட்ல போட்டா ஆறு மாசம் தூங்கும் சார். யூரோப் போங்க. நான் போன வருஷம் அங்கதான் ஸ்டாம்ப் பண்ணிட்டு வந்தேன். லீவும் ஆச்சு, விசாவும் ஆச்சு."

அவர் வாங்கி வந்தது வேலை விசா. எங்களுக்கு வேண்டியது வேறு விசா. அந்த வித்தியாசம் எனக்கு அன்று உறைக்கவில்லை.

வண்டி நான் நினைத்ததைவிட நீளம். ஆட்டோமேட்டிக் ஓட்டிப் பழகிய இடது கால் கிளட்சை மறந்திருந்தது. ஒவ்வொரு வளைவிலும் அலமாரிக்குள் தட்டுகள் சரிந்தன. மனைவி பக்கத்தில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, எதிரே பஸ் வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நீ கண்ண மூடினா யாரு வழி சொல்றது?"

"நீங்க ஓட்டற அழகுக்கு வழி ஒண்ணுதான் குறைச்சல்."

சினிமாப் பாட்டுகளில் மட்டும் பார்த்த புல்வெளி இரண்டு பக்கமும் நிஜமாகவே கிடந்தது. ஏரிக்கரை கேம்ப்சைட்டில் குக்கர் மூன்று விசில் விட்டதும் பக்கத்து வண்டிக்காரர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். மகள் அவருக்கு ஒரு கிண்ணத்தில் பருப்பு சாதம் கொடுத்து அனுப்பினாள்.

பிறந்தநாள் அந்த ஏரிக்கரையில்தான். டிரைவர் இருக்கைக்கு மேலே இருந்த படுக்கைதான் அவள் இடம். காலையில் அங்கிருந்து தலையை மட்டும் நீட்டி, "இன்னிலேருந்து நான் லீகலா பீர் குடிக்கலாம்பா" என்றாள்.

"குடிச்சுத்தான் பாரேன்" என்றாள் அவள் அம்மா, கேசரி கிளறிக்கொண்டே.

அமெரிக்கத் தூதரகத்தில் விசா நேர்காணல் மறுநாள். அதை முன்னால் வைத்திருக்கலாம். பிறந்தநாளுக்கு முன்பே மறுத்திருந்தால், பழைய விசாவிலேயே அவளை உடனே நியூ ஜெர்சிக்குத் திருப்பி அனுப்பி, அங்கிருந்து விண்ணப்பித்திருக்கலாம். பிறந்தநாளைக் கவலையில்லாமல் கொண்டாடிவிட்டு, அதன் பிறகு நேர்காணல் என்று திட்டம் போட்டவன் நான்.

தூதரகத்துக்குள் அவள் மட்டும் போனாள். நாங்கள் ஆற்றோரம் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. தூரத்தில் வரும்போதே அவள் நடை சரியில்லை. நான் நிறம் பிரித்து அடுக்கிக் கொடுத்த ஃபைலைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தாள்.

"ஃபைலைப் பிரிக்கவே இல்லப்பா. ஒரே ஒரு கேள்வி. உங்க பேரன்ட்ஸ் கிரீன் கார்டு அப்ளை பண்ணியிருக்காங்களான்னு கேட்டார். யெஸ்னு சொன்னேன்."

"ஏம்மா அப்படிச் சொன்ன?"

"ஃபார்ம்ல நீங்கதானேப்பா டிக் பண்ணியிருந்தீங்க."

படிப்பு முடிந்ததும் ஊர் திரும்புவாள் என்று நம்பினால்தான் மாணவர் விசா கொடுப்பார்கள். தாய் தகப்பன் அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்க விண்ணப்பித்திருக்கும்போது பெண் திரும்பிப் போவாள் என்று யார் நம்புவார்கள்? அதிகாரி மரியாதையாகத்தான் பேசினாராம். சொந்த நாட்டுக்குப் போய் விண்ணப்பித்துப் பாருங்கள், பதில் மாறுவது கடினம் என்றாராம்.

டெலிபோன் பூத்திலிருந்து வக்கீலைக் கூப்பிட்டேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அமெரிக்காவை விட்டு வெளியே போகாமல் இருந்திருந்தால் இதை இங்கேயே மாற்றியிருக்கலாம். போவதற்கு முன் என்னிடம் ஏன் கேட்கவில்லை?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பாட்லக்கில் கேட்டேன் என்று எப்படிச் சொல்வது?

சென்னைக்கு அவளுக்கு டிக்கெட் கிடைத்தது நான்கு நாள் கழித்துத்தான். அந்த நான்கு நாளும் ஊர் சுற்றினோம். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. வண்டியை ஓரிடத்தில் நிறுத்தினால் பேச வேண்டியிருந்தது. ஓட்டிக்கொண்டே இருந்தால் பேசாமல் இருக்கலாம். ஒரு கணவாய், இரண்டு அருவி, ஏதோ ஒரு கோட்டை. அங்கே எடுத்த படங்களை நான் இன்றுவரை கழுவக் கொடுக்கவில்லை. மனைவி என்னைத் திட்டவே இல்லை. உப்பு போதுமா என்று மட்டும் கேட்டாள்.

கடைசி நாள் மகள் என் கையில் ஒரு பட்டியலைக் கொடுத்தாள். அவள் ரூமில் இருப்பவற்றில் எதை அனுப்ப வேண்டும், எதைத் தோழிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தாள். அனுப்ப வேண்டியவை நான்கே நான்கு.

விமான நிலையத்தில், "டென்ஷன் ஆகாதீங்கப்பா, சென்னைல ட்ரை பண்றேன்" என்றாள். பண்ணினாள். இரண்டு முறை. இரண்டு முறையும் அதே கேள்வி, அதே பதில்.

அமெரிக்காவில் படித்த மூன்று வருடத்தைச் சென்னையில் எந்தக் கல்லூரியும் ஏற்றுக்கொள்ளவில்லை. பதினேழு வயதுப் பிள்ளைகளோடு முதலாம் ஆண்டில் உட்கார்ந்தாள். கார்டு வந்த பிறகு நாங்கள் அவளுக்கென்று மனுப் போடலாம், ஆனால் வரிசை பல வருடம் நீளும், அதற்குள் கல்யாணம் செய்துகொண்டால் அதுவும் போச்சு என்றார் வக்கீல்.

அடுத்த வசந்தத்தில் எங்கள் இருவருக்கும் கிரீன் கார்டு வந்தது. மனைவி தன்னுடைய கவரைப் பிரிக்காமல் டிராயரில் போட்டாள். மகளிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? போன் செய்தேன்.

"கங்கிராட்ஸ்பா" என்றாள். கிண்டலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். உண்மையாகவே சொன்னாள். பிறகு, மறுநாள் பரீட்சை இருக்கிறது, படிக்க வேண்டும் என்று போனை வைத்துவிட்டாள்.