ஷூவைக் கழற்றச் சொன்ன நாள்

அடுப்பிலிருந்து எல்லாம் இறக்கியாகிவிட்டது. தால், காலிஃபிளவர் சப்ஜி, ரொட்டி, கீர் பாயசம். பரிசோதனைக்குச் சாம்பிள் எடுத்து லேபிள் ஒட்டி ஃபிரிட்ஜில் வைத்தாகிவிட்டது. பன்னிரண்டு மணிக்கு சைரன் அடித்ததும், தகடு அழுத்தும் பிரஸ் ஷாப் ஆட்கள் வந்தார்கள். கேன்டீன் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். யாரும் உள்ளே வரவில்லை.

இருபது வருஷத்துக்கு மேல் கேன்டீன் மேனேஜராக இருந்தவன் நான். வேகாத சாதத்துக்குத் திட்டு வாங்கியிருக்கிறேன். ஆறின சாம்பாருக்கு வாங்கியிருக்கிறேன். ஒருதடவை பருப்பில் சாக்கு நூல் கிடந்து, அதற்காக மூன்று நாள் தலைகுனிந்து நடந்திருக்கிறேன். ஆனால் சோறு சுடச்சுட இருக்க, பசித்தவர்கள் வேண்டாம் என்று வாசலில் நின்று பார்த்தது அன்றைக்கு ஒரு நாள்தான். தப்பு என்னுடையது. புதிதாக இந்த வேலைக்கு வரும் சூப்பர்வைசர்கள் அனுபவம் கேட்டால் அந்த நாளைத்தான் முதலில் சொல்வேன்.

1. தலைப்பாகைக்கு மேலே தொப்பி

லூதியானா பக்கத்துக் கிராமத்திலிருந்து, ஒரு லாரி கம்பெனியின் மெஸ்ஸில் சமைக்க வந்தவன் நான். அப்புறம் ஒரகடத்தில் கார் பார்ட்ஸ் செய்யும் இந்த பிளான்ட்டில் சேர்ந்தேன். முதல் வாரமே ஹைஜீன் ஆடிட் வந்தது. ஆடிட்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கிச்சனில் எல்லோரும் தலைக்கு கேப் போட வேண்டும், நீங்கள் ஏன் போடவில்லை என்றார்.

"சார், இந்தத் தலைப்பாகையில அஞ்சு மீட்டர் துணி இருக்கு. ஒரு முடி வெளிய வரணும்னா பாஸ்போர்ட் எடுக்கணும்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. தலைப்பாகைக்கு மேலே கேப், தாடிக்கு ஒரு வலை. ஆறு மாதம் அப்படியே வேலை பார்த்தேன். பாத்திரம் கழுவும் பகுதியின் பொறுப்பாளர் ஆரோக்கியமேரி, மண்ணூர்க்காரி, என்னைப் பார்க்கும்போதெல்லாம் முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டாள்.

"இன்னா சிங்கு சார், தாடிக்கும் கொசுவலையா?"

அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதர்கள்.

2. யாருக்கு எந்த அடுப்பு

எங்கள் சீக்கியக் குருத்வாராக்களில் லங்கர் என்று ஒன்று உண்டு. யார் வந்தாலும் சாப்பாடு. பணக்காரன், ஏழை, எந்த மதம் என்று கேட்பதில்லை. எல்லோரும் செருப்பைக் கழற்றி, தலையை மூடி, தரையில் ஒரே வரிசையில் உட்கார வேண்டும். ரொட்டியை இரண்டு கையாலும் ஏந்தி வாங்க வேண்டும். நடக்கக் கற்றுக்கொண்ட வயதில் நான் கற்றுக்கொண்ட மரியாதை அது.

அந்தப் புத்தியோடுதான் கேன்டீனையும் நடத்தினேன். கார்த்திகை மாதம் மாலை போட்டவர்களுக்கு வெங்காயம் நறுக்குவதற்கு முன்பே தனி அடுப்பு பற்றவைப்போம். ரம்ஜானில் எங்கள் சமையல் மாஸ்டர் காதர் பாய் நோன்புக் கஞ்சி காய்ச்சுவார். இஞ்சியும் பூண்டும் நான் உரித்துக் கொடுப்பேன். புனித வெள்ளியன்று மேரி வந்து கறி வாசனை வருகிறதா என்று ஒவ்வொரு பாத்திரமாக மூடியைத் திறந்து பார்ப்பாள். என் பண்டிகை மட்டும் வருஷத்தில் ஒருநாள் லட்டோடு முடிந்துவிடும். ஒரு குருநானக் ஜெயந்திக்கு முழு லங்கரே போட வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. எல்லோருக்கும் செய்தாகிவிட்டது, நமக்கும் ஒன்று செய்துகொள்வோமே என்ற கொஞ்சம் கர்வமும் அதில் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

3. போர்டு

மேனேஜ்மென்ட் அனுமதி கொடுத்தது. கூடவே பிளான்ட் ஹெட் ராகவன் சாரிடமிருந்து ஒரு மெயில் வந்தது: ரிவ்யூ மீட்டிங் இருப்பதால் ஆபீசர்களுக்கான சாப்பாட்டை வழக்கம்போல மாடி டைனிங் ஹாலுக்கு அனுப்பிவிடவும். சரி என்று பதில் போட்டேன். இரண்டாவது தடவை யோசிக்கவே இல்லை.

காலையிலேயே கீழ் ஹாலில் டேபிள்களை எல்லாம் ஓரம் தள்ளி ஜமுக்காளம் விரித்தேன். என் கையாலேயே தமிழில் போர்டு எழுதி வாசலில் மாட்டினேன்: ‘ஷூவைக் கழற்றவும். கீழே உட்காரவும். இரண்டு கையையும் நீட்டி ரொட்டி வாங்கவும்.’ எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும் காதர் பாயிடம் கேட்டுக்கொண்டேன்.

அந்த போர்டைப் படித்துவிட்டுத்தான் அவர்கள் நின்றார்கள். ஒடிசாப் பையன்கள் நாலைந்து பேர் மட்டும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரக் காலனிகளிலிருந்து வருகிறவர்கள். யாரும் அசையவில்லை. லஞ்ச் பிரேக் அரை மணி நேரம். அதில் ஐந்து நிமிஷம் போய்விட்டது.

மேரி ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"இன்னா எழுதி வெச்சுக் கீறீங்கன்னு நீங்களே ஒருக்கா படிங்க சார்."

"ஏம்மா, தப்பா எழுதிட்டேனா?"

"எழுத்துல தப்பு இல்ல. எங்கம்மா நடவு நட்டுட்டு பெரிய வூட்டு வாசலுக்குப் போனா, இந்த மூணுந்தான் சொல்லுவாங்க. செருப்ப கழட்டு, கீழ ஒக்காரு, கைய நீட்டு. அவுங்க மேல ஒக்காந்துகினு பாப்பாங்க. கை மேல கை படாம ஒசரத்துலேர்ந்து ஊத்துவாங்க. நான் சின்னப் பொண்ணு, பக்கத்துல நின்னுகினு இருப்பேன். இந்த கம்பெனில டேபிள்ல ஒக்காந்து துன்னலாம்னுதான் சார் நான் வேலைக்கே வந்தேன்."

"எங்க ஊர்ல இது மரியாதைம்மா. ராஜாவே வந்தாலும் தரையிலதான் உட்காரணும்" என்றேன்.

அவள் மாடிப்படியைக் காட்டினாள்.

"ராஜா மேலல்ல கீறாரு?"

4. மாடியில்

டேபிள்களைத் திரும்பப் போட்டுவிடலாம், இரண்டு நிமிஷ வேலை. ஆனால் என் குருவின் பெயரைச் சொல்லி அத்தனை பேரையும் அவமானப்படுத்திவிட்டேன். அது டேபிள் போட்டால் போகாது. போர்டைக் கழற்றி அடுப்பங்கரையில் போட்டுவிட்டு மாடி ஏறினேன்.

ராகவன் சார் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். "என்ன சிங், சாப்பாடு இன்னும் வரலையே?"

"இன்னைக்கு மேல வராது சார். கீழ இருக்கு. நீங்க எல்லாரும் வரணும். ஷூவைக் கழட்டிட்டு அவங்களோட தரையில உட்காரணும்."

நடந்ததைச் சொன்னேன். யார் சொன்னது என்று கேட்டார். பெயரைச் சொல்லவில்லை.

"டேபிள் போட்டுக் குடுத்துடு சிங். இதைப் போய் பெரிசு பண்ணாத."

"போட்டுடறேன் சார். ஆனா நான் எழுதினது அவங்களுக்கு மட்டும்தான்னு ஆயிடும். அதை என்னால அழிக்க முடியாது. உங்களாலதான் முடியும்."

கேன்டீன் மேனேஜரை மாற்றுவதற்கு அவருக்கு ஒரு போன் போதும். முட்டியைத் தடவிக்கொண்டார். பிறகு, "எனக்கு முட்டி வலி இருக்குப்பா. உட்கார்ந்தா எழுந்திருக்க முடியாது" என்றார்.

"தூக்கி விட ஒரு ஷிஃப்டே இருக்கு சார்."

முதலில் அவர்தான் சிரித்தார். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

கீழே வந்ததும் எச்.ஆர். ஆபீசர் ஓடிப்போய் ஒரு ஜமுக்காளத்தை நாலாக மடித்து, வரிசைக்குத் தள்ளி, அவருக்காகப் போட்டார். நல்ல எண்ணம்தான். மேரியின் குரல் ஹால் முழுக்கக் கேட்டது.

"அந்த மடிச்சத எடுங்க சார்."

எடுத்தார்கள். ராகவன் சார் ஷூவைக் கழற்றினார். சாக்ஸில் கட்டைவிரல் பக்கம் ஓட்டை. வரிசையின் நடுவில், சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்தில் மேரி உட்கார்ந்தாள். பாத்திரம் கழுவும் பெண்கள் எப்போதும் கடைசியில்தான் சாப்பிடுவார்கள். அன்றைக்கு முதல் வரிசை அவர்களுடையது. அதற்கப்புறம் பிரஸ் ஷாப் வந்தது.

காதர் பாயும் நானும் பரிமாறினோம். மேரியிடம் வந்தபோது அவள் கையை நீட்டவில்லை. தட்டை முன்னால் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொட்டியை இரண்டு கையால் வாங்குவது எங்கள் வழக்கம். நான் மண்டி போட்டு, இரண்டு கையாலும் அவள் தட்டில் வைத்தேன்.

எல்லோரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள் என்று கதை விட மாட்டேன். பாதிப் பேர் ஓரத்தில் கிடந்த டேபிளை இழுத்துப் போட்டுத்தான் சாப்பிட்டார்கள். அதுவும் சரிதான். ஒரு ஆபரேட்டர் கடைசி வரைக்கும் சாப்பிடவே இல்லை. மறுநாள் அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "பாக்கலாம் சார்" என்றார். அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமையில்லை.

5. மண்ணூரில்

சேவை செய்வதாக நாற்பது வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். கொடுக்கிறவன் நான் என்று நினைப்பு. உண்மையில், நம்பி வந்து நம் முன்னால் தட்டை வைக்கிறார்களே, அவர்கள்தான் கொடுக்கிறார்கள். மாலை போட்டவர்களும் நோன்பாளிகளும் மேரியும் அந்த நம்பிக்கையை எனக்குக் கொடுத்தார்கள். நான் கெடுத்தபோது திருத்தியும் கொடுத்தார்கள். அந்த நன்றி எனக்கு வாழ்நாளுக்கும் இருக்கிறது. கேன்டீன் வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன்: யாரையும் கீழே உட்காரச் சொல்லும் முன்னால், மேலே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிடுங்கள்.

நான் ரிட்டயரான அடுத்த மாதம் மேரி மண்ணூரில் புது வீடு கட்டிக் குடிபோனாள். ஃபாதர் வந்து மந்திரித்துவிட்டுப் போயிருந்தார். வெளியே பந்தலில் டேபிள் போட்டுப் பந்தி நடந்தது. நான் ஒரு நாற்காலியை இழுத்து உட்காரப் போனேன்.

"நீங்க அங்க இல்ல சிங்கு சார், உள்ள வாங்க" என்று கூப்பிட்டாள்.

உள்ளே டைல்ஸ் போட்ட புதுத் தரை. அதில் ஒரு பாயை விரித்து அவளே முதலில் உட்கார்ந்தாள். பக்கத்தில் தட்டிக் காட்டினாள்.

"இது என் வூடு. இந்தத் தரை என்னுது. இங்க நான் ஒக்காருவேன். நீங்களும் ஒக்காருங்க."

ஷூவைக் கழற்றினேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் சப்பாத்தியை எடுத்தபோது இரண்டு கையையும் நீட்டினேன்.