தவராசா ஓட்டிய ஜீப்

1961ஆம் ஆண்டு மாசி மாதம், முல்லைத்தீவு வியாபாரி மீராசாகிபு ஒரு பழைய யுத்தகால ஜீப்பைப் பரந்தன் சந்திக்கருகே இருந்த கனகலிங்கத்தின் கராஜுக்குக் கொண்டுவந்தார். புதுப் பச்சைப் பெயின்ற் அடித்திருந்தாலும் கனகலிங்கத்துக்கு அதை அடையாளம் தெரிந்தது. எட்டு மாதங்களுக்கு முன் பூநகரி வீதியில் மதகை இடித்து வாய்க்காலுக்குள் விழுந்த வண்டி. ஓட்டிவந்த தவராசா அந்த இடத்திலேயே முடிந்துபோனான்.

“முப்பது மைல் வேகம் தாண்டி ஒரு குழியில விழுந்தாப் போதும், முன்சில்லு ரெண்டும் பேய் பிடிச்ச மாதிரி ஆடுது. நிப்பாட்டினாத்தான் நிக்கும்,” என்றார் மீராசாகிபு.

இதே சொற்களைத்தான் தவராசாவும் சொல்லியிருந்தான். அன்று ஜீப்பின் சொந்தக்காரரான அரிசிமில் முதலாளி பரமலிங்கத்துக்கு அவசரம். கனகலிங்கம் ஸ்டியரிங் பெட்டியை இறுக்கிவிட்டு, “றோட்டுத்தான் பிழை, மெல்ல ஓட்டு” என்று அனுப்பிவிட்டார். மூன்றாம் நாள் சாவுச் செய்தி வந்தது. குடித்துவிட்டு ஓட்டினான் என்று பரமலிங்கம் சொன்னார். ஊரும் அதையே சொன்னது. கனகலிங்கம் வாய் திறக்கவில்லை.

இந்தமுறை அவர் அவசரப்படவில்லை. முன் ரயர்களைப் பின்னுக்கு மாற்றி ஓட்டிப் பார்த்தார், ஆட்டம் போகவில்லை. கீழே படுத்துக்கொண்டு மீராசாகிபுவை ஸ்டியரிங்கை அசைக்கச் சொன்னார். ஸ்டியரிங் கம்பிகளின் மூட்டுகள் இறுக்கமாகவே இருந்தன. பிறகு முன்சில்லை ஜக்கில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து உலுக்கினார். ‘டக்’ என்றது.

“மீராசாகிபு நானா, பிறேக்கை மிதிச்சுப் பிடியுங்கோ,” என்றார்.

பிறேக் சில்லை இறுகப் பிடித்த பிறகும் ‘டக்’ என்றது. அப்படியானால் சில்லின் பெயாரிங் அல்ல. சில்லைத் திருப்பும் முளையின் பெயாரிங். கழற்றினார். காய்ந்து கறுத்த கிறீஸுக்குள், துருப்பிடித்த கிண்ணத்தில், உருளைகள் பதிந்த பள்ளங்கள் வரிசையாக இருந்தன. விழுந்ததில் உடைந்ததல்ல. வருசக்கணக்காகத் தேய்ந்தது.

“இது எப்பவிருந்து?” என்று கேட்டார் மீராசாகிபு.

“தவராசா இருக்கேக்கையே,” என்றார் கனகலிங்கம்.

மறுநாள் காலை சைக்கிளில் பூநகரிக்குப் போனார். தவராசாவின் மனைவி இரஞ்சிதம் முற்றத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

“அவர் குடிக்கேல்லை எண்டு எனக்கு முதலே தெரியும் அண்ணை,” என்றாள் அவள். “பள்ளிக்கூடத்தில பிள்ளையளைக் குடிகாரன்ர பிள்ளையள் எண்டு சொல்லுகினம். நீங்கள் எனக்கு வந்து சொல்லி என்ன? ஊருக்குச் சொல்லுங்கோ.”

அவர் நேரே அரிசிமில்லுக்குப் போனார். பரமலிங்கம் கதிரையை விட்டு எழும்பவில்லை. “செத்தவனை எழுப்பப் போறியே? உன்ர பிழையை நீயே சொன்னா உன்னட்டை ஆர் வாகனம் கொண்டருவினம்?”

அன்று பின்னேரம் சந்தித் தேநீர்க்கடையில், ஆட்கள் நிறைந்திருந்த நேரத்தில், கனகலிங்கம் எழும்பி நின்று சொன்னார்: “தவராசா குடிக்கேல்லை. பிழை வண்டியில இருந்தது. அதைப் பாக்காமல் விட்டது நான்.”

சிலர் கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போனார்கள்.

ஒரு மாதத்துக்குள் கராஜ் முற்றம் வெறுமையானது. அதை அவர் எதிர்பார்த்திருந்தார். எதிர்பாராதது வேறு. பெண்சாதி இல்லாத கனகலிங்கம் தாலியறுத்தவள் வீட்டுக்கு ஏன் போனான், அவளுக்காக ஏன் இப்படிப் பழியேற்கிறான் என்று ஊர் கதைக்கத் தொடங்கியது. தவராசாவின் பெயரில் இருந்த கறை கழுவப்படுவதற்குப் பதிலாக இரஞ்சிதத்தின்மேல் புதிதாக ஒன்று விழுந்தது. வாய் திறக்காமல் இருந்தும் கெடுத்தேன், திறந்தும் கெடுத்தேன் என்று அவர் நினைத்தார்.

சித்திரை பிறக்குமுன் வவுனியாவில் ஒரு மரமில்லில் வேலை தேடிக்கொண்டார். புறப்பட்ட காலை பரந்தன் பஸ் தரிப்பில், பூநகரியிலிருந்து வந்திருந்த இரஞ்சிதம் பிள்ளைகளுடன் நின்றாள். சுற்றிலும் தெரிந்த முகங்கள். ஊர்க்கதை இன்னும் வளரக்கூடாதென்று, அவளுக்காகவே அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் சனத்தை விலக்கிக்கொண்டு நேரே வந்தாள்.

“போட்டு வாங்கோ அண்ணை,” என்று விடைகொடுத்தாள், எல்லாருக்கும் கேட்க.

அவர் தலையை அசைத்துவிட்டு பஸ்ஸில் ஏறினார். பஸ் கிளிநொச்சியைத் தாண்டும்வரை முன்னால் இருந்த கம்பியைப் பிடித்த கையை அவர் எடுக்கவில்லை.