முதல் வெளிச்சத்தில் படம் விழாது

அந்தக் கேமராவின் "ப்ளாஷ்" அடித்து ஓய்ந்ததும் கண்ணுக்குள் ஒரு பச்சைப் பொட்டு மிதக்கும். சுவரைப் பார்த்தால் சுவரில், தரையைப் பார்த்தால் தரையில், தட்டில் இருக்கும் சோற்றைப் பார்த்தால் சோற்றின் மேல் என்று போகிற இடமெல்லாம் கூடவே வந்து, ஓரம் ஊதாவாகி மெல்லக் கரைந்துபோகும். அதை யார் கடைசிவரை வைத்திருக்கிறார்கள் என்று நானும் தம்பியும் போட்டி போடுவோம். பொட்டு போன பிறகும் "இன்னும் இருக்கு, இன்னும் இருக்கு" என்று வாய் கூசாமல் பொய் சொல்வதில் அவன் கெட்டிக்காரன்.

கேமரா மாமாவுடையது. அம்மாவின் ஒரே தம்பி அவர். பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளோடு "பெரி" கப்பலில் ஏறி, கடலைத் தாண்டி, பினாங்குத் தீவின் சுங்கை பினாங்கில் இருந்த எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வருவார். அவருக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. ஏதாவது கேட்டு வாங்க வேண்டும் என்றால் வலது பக்கமாகப் போய் நிற்போம்; அவரைப் பற்றிச் சிரிக்க வேண்டும் என்றால் இடது பக்கம். சவர்க்காரக் கட்டி அளவே இருந்த அந்த வெள்ளி நிறக் கேமராவைப் பழைய காலுறை ஒன்றுக்குள் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருப்பார். நாங்கள் கை நீட்டினால், "இது பொம்ம இல்ல பாப்பா, மொதல்ல கைய கழுவிட்டு வா லா" என்பார்.

அதில் வெளிச்சம் இரண்டு தடவை வரும். சாதாரணமாக அடித்தால் எங்கள் கண்களெல்லாம் பேய்க்கண் போலச் சிவப்பாக விழுந்தன என்று மாமா ஏதோ ஒரு பொத்தானை அழுத்தி வைத்திருந்தார். அதன்பிறகு முதலில் ஒரு வெளிச்சம் அடிக்கும். அது கண்ணைப் பழக்குவதற்கு மட்டும்தான், அதில் படம் விழாது. மூச்சு விடும் நேரம் கழித்து இரண்டாவது வெளிச்சம் வரும். படம் விழுவது அதில்தான். "மொத வெளிச்சத்துக்கு ஆடக் கூடாது" என்பது எங்கள் வீட்டில் ஒரு சட்டம் மாதிரி ஆகிவிட்டது. நாங்கள் எல்லோரும் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டோம், அம்மாவைத் தவிர.

அம்மாவுக்குத் தன்னை ஒரு நல்ல படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அவ்வளவு ஆசை. "மூஞ்சி நேரா, பளிச்சுனு, எனக்குன்னு ஒரே ஒரு படம் எடுத்துக் குடுடா தம்பி" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். மாமா வருகிற நாளில் பவுடர் போட்டு, பொட்டைத் திருத்தி, சேலை மடிப்பை நீவிவிட்டு, எங்கள் இருவரையும் இரு பக்கமும் நிறுத்திக்கொண்டு தயாராக நிற்பார். கேமரா கொசு பாடுவதுபோல் மெல்லக் கத்தும். முதல் வெளிச்சம் அடிக்கும். அவ்வளவுதான். "அர்ஜுனா, அர்ஜுனா" என்று அம்மாவின் வாய் முணுமுணுக்க, இரண்டு கைகளும் தாமாக எழுந்து எங்கள் காதுகளைப் பொத்தும். முகம் எங்கள் தலைப் பக்கம் குனிந்துவிடும். அந்த நேரம் பார்த்து இரண்டாவது வெளிச்சம் வந்து, படமும் விழுந்துவிடும்.

காரணம் எங்களுக்குத் தெரியாதது இல்லை. பினாங்கில் பிற்பகலில் மழை இறங்குவதற்கு முன்னால் வானம் மின்னல் வெட்டிக்கொண்டு நிற்கும்போதெல்லாம் அம்மா, இடிக்குப் பயந்து அர்ஜுனன் பெயரைச் சொல்லிக்கொண்டு, இப்படித்தான் செய்வார். அடுப்பில் என்ன கொதித்தாலும் அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து எங்களை இழுத்து அணைத்துக்கொள்வார். "வெளிச்சம் முன்னால வரும், சத்தம் பின்னால வரும். அதுக்குள்ள காதப் பொத்திடணும்" என்பது அவர் அடிக்கடி சொல்லும் பாடம். அம்மாவும் மாமாவும் கெடாப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் வளர்ந்தவர்கள். பால்மரக் காட்டில் வேலை செய்த பெற்றோருக்குத் தேநீர் கொண்டுபோகும் வழியில், பக்கத்து மரத்தில் விழுந்த இடியில்தான் மாமாவின் காது போனது. மாமா அப்போது சின்னப் பையன். கூடப் போன அக்கா, எங்கள் அம்மாதான். "நான் பொத்தாம விட்டுட்டேன்" என்று அதைச் சொல்லும்போதெல்லாம் அம்மாவின் குரல் இறங்கிவிடும்.

கேமராவின் வெளிச்சத்துக்கு இடி கிடையாது என்று அவருக்குத் தெரியாதா என்ன? கைக்குத்தான் தெரியவில்லை. தீபாவளிப் படத்தில் அம்மா என் தம்பியின் தலைமுடிக்குள் முகம் புதைத்திருப்பார். தைப்பூசத்தில் தண்ணீர்மலைக் கோவில் படிக்கட்டில் எடுத்த படத்தில் என் காது அவர் உள்ளங்கைக்குள் மறைந்திருக்கும். சின்னத் திரையில் தன்னைப் பார்த்ததும் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, "ஐயோ, அழிச்சிடுடா, மானம் போகுது" என்பார். "அழிச்சிட்டேன்க்கா" என்பார் மாமா. "உங்க அக்காவ போட்டோ புடிக்கணும்னா கையக் கட்டித்தான் போடணும்" என்று அப்பா கேலி செய்வார். ஒருநாள், அந்த முதல் வெளிச்சத்தை நிறுத்திவிட முடியாதா என்று மாமாவைக் கேட்டார். மாமா இடது காதை அவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் பதினேழு வயதில் ஐந்தாம் படிவம் படித்த ஆண்டு அம்மாவின் சிறுநீரகம் கெட்டது. இயந்திரத்தோடு கட்டிப்போட்ட அந்த மாதங்களைப் பற்றி எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை. அம்மா இறந்துபோனார். மாலை போட்டுத் தலைமாட்டில் வைக்க ஒரு படம் வேண்டும் என்று உறவினர்கள் கேட்டபோது, மாமா தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து கூடத்தில் திறந்தார். அழித்துவிட்டேன் என்று சொன்ன படங்கள் எல்லாமே அதில் இருந்தன. ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தோம். கன்னம் இருந்தது, கொண்டை இருந்தது, வளையல் போட்ட கை இருந்தது. எங்களைப் பார்க்கிற முகம் ஒன்றில்கூட இல்லை.

"ஒண்ணுகூட நேரா இல்லையே" என்று அப்பா உடைந்து அழுதார். எனக்கு வந்த கோபமெல்லாம் மாமா மேல்தான் திரும்பியது. "அந்த மொத வெளிச்சத்த நிறுத்தத் தெரியாதா மாமா? அம்மா கேட்டது ஒரே ஒரு படம்தானே!" என்று வீடு அதிரக் கத்தினேன். வலது காதுப் பக்கம் நின்றுதான் கத்தினேன்.

"தெரியும் பாப்பா. ஒரு பட்டன்தான்" என்றார் மாமா. "அந்த இடி விழுந்தது உங்கம்மா சொல்ற மாதிரி இல்ல. அன்னிக்கு அவ ஒரு கையில தேத்தண்ணித் தூக்கு. வெளிச்சம் அடிச்ச ஒடனே இன்னொரு கையால எட்டி இந்தக் காதப் பொத்திட்டா. அதான் இது இன்னிக்கும் கேக்குது. எத்தன தடவ சொன்னேன் தெரியுமா? நம்பவே மாட்டா. கேக்காத காதப் பத்தியே பேசிக்கிட்டுப் போய்ச் சேந்துட்டா." கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலும் சொன்னார்: "அன்னிக்கு நான் பயத்துல கண்ண மூடிக்கிட்டேன் பாப்பா. அந்தக் கை வந்தத நான் பாக்கல. இந்தப் படங்கள்லதான் பாத்தேன்."

கடைசியில் அம்மாவின் அடையாள அட்டையில் இருந்த படத்தைத்தான் பெரிதாக்கி மாலை போட்டோம். அதில் அம்மா ஆசைப்பட்டபடியே முகம் நேராகத்தான் இருக்கிறது. ஆனால் யாரோ அதட்டி உட்காரவைத்ததுபோல் விறைத்துக்கொண்டு, எங்களை அறியாத ஒரு பெண்மணியாக இருக்கிறார். இன்றும் சுவரில் தொங்குவது அதுதான். நான் வணங்குவது அதை. தேடி எடுத்துப் பார்ப்பது, என் காது மறைந்துபோன தண்ணீர்மலைப் படத்தை.

இப்போது அந்தக் கேமராவின் பேட்டரி உப்பிப்போய், காலுறைக்குள்ளேயே கிடக்கிறது. நாங்கள் படம் அச்சிடக் கொடுத்த கடை, சுற்றுலாப் பயணிகள் காப்பி குடிக்கும் இடமாகிவிட்டது. மாமாவுக்கு அந்த வலது காதும் மங்கிவிட்டது, கருவி வைத்திருக்கிறார். போன தீபாவளிக்கு எல்லோரையும் நிற்கவைத்து என் மகள் கைப்பேசியில் படம் எடுத்தாள். மழை இருட்டு, விளக்குகூடச் சரியாக எரியவில்லை. இந்தக் காலத்துக் கைப்பேசிகளுக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை, "ப்ளாஷ்" இல்லாமலே எடுத்துவிடுகின்றன. "முடிஞ்சிருச்சும்மா, நகரலாம்" என்றாள். எல்லோரும் பலகாரத் தட்டைத் தேடிக் கலைந்தார்கள். வெளிச்சம் வரட்டும் என்று நானும் மாமாவும் மட்டும் அப்படியே நின்றுகொண்டிருந்தோம்.

படம் நன்றாக வந்திருக்கிறது. ஒருவர் விடாமல் எல்லோருடைய முகமும் நேராக, பளிச்சென்று இருக்கிறது. யாருடைய காதிலும் யாருடைய கையும் இல்லை.