தானாக நகர்ந்த கீறல்

"மிஸ், ரேக் பேசுது" என்று ரமீஸ் வந்து நின்ற அன்றுதான் உலோகத்தைக் கண்டு எனக்கு முதன்முதலில் பயம் வந்தது.

மாத்தளையில், கல்லுடைக்கும் இரும்பு டிரில் கம்பிகளுக்குக் கார்பைட் என்ற மிகக் கடினமான முனையைப் பற்றவைக்கும் வேர்க்ஷொப் எங்களுடையது. சோதனைப் பகுதி என் பொறுப்பு. ரமீஸ் முனை பற்றவைக்கப் புதிதாகச் சேர்ந்த பிரேசிங்காரர், முன்பு கொல்லுப்பட்டறை வைத்திருந்தவர். வேலை சுத்தம்.

காலையில் அவர் பற்றவைத்த கம்பிகள் ரேக்கில் கிடந்தன. கிட்டே ஆளில்லை. 'டிக்' என்றது ஒன்று. சற்றுக் கழித்து இன்னொன்று.

"பல்லியா ஈக்கும்" என்றார் முதலாளி ஹாஜியார். தேடிப் பார்த்தோம், பல்லி எதுவும் இல்லை.

ஒரு முனையை அறுத்து, பொலிஷ் செய்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். கார்பைட் ஒரே கட்டியல்ல. உடைத்த கற்கண்டு போல மூலை மூலையான மணிகள், அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் மெல்லிய கோபால்ட் உலோகம். அந்தக் கோபால்ட் வழியே ஒரு கீறல் வளைந்து வந்து, ஒரு பெரிய மணியின் முன்னால் நின்றிருந்தது. அறையைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பிவந்து பார்த்தால் அந்த மணி இரண்டாகியிருந்தது. கீறல் அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"சூடா இருக்கறப்ப என்ன செஞ்சீங்க?" என்று ரமீஸைக் கேட்டேன்.

"தண்ணில முக்கினேன் மிஸ். இரும்புக்கு அப்பிடித்தானே செய்யிற."

இரும்புக்குச் சரி. ஆனால் கார்பைட் இரும்பளவு சுருங்காது. சட்டென்று குளிர வைத்தால், ஆறிய பிறகும் கம்பியும் முனையும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த இழுப்பில்தான் கீறல் தானாக வளர்கிறது.

"எல்லாம் ரேக்லதானே இருக்கு?"

"ஒரு கம்பிய செல்வம் கொண்டு போயிட்டாரு."

செல்வம் கிணறு வெட்டுகிறவர். சீகிரியாப் பக்கம் குழிக்குள் குனிந்து கல் துளைத்துக்கொண்டிருப்பார், முகத்துக்கு நேரே அந்த முனை. போன் போட்டேன். மேலே நின்ற அவருடைய மச்சான் எடுத்தார்.

"டிரில் ஓட்டுற கம்ப்ரஸர நிப்பாட்டுங்க. அவர மேல ஏத்துங்க."

இரைச்சல் நின்றது. வெகுநேரம் கழித்து, கம்பியோடு மேலே ஏறி வந்த செல்வத்தின் குரல் கேட்டது. "முனை நல்லாத்தான் இருக்கு மிஸ். ஒரு கோடுகூட இல்ல. வேலை பாதியில நிக்குதுங்க."

"அதத் தரையில வச்சிட்டுத் தள்ளி நில்லுங்க."

ஏதோ முணுமுணுத்தார். கம்பியைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"செல்வம்?"

"மிஸ்... யாரும் தொடல. பாதி முனை தெறிச்சுப் போயிருச்சு."

இப்போது பற்றவைத்த கம்பிகளைச் சுண்ணாம்புத் தூளில் புதைத்து மெதுவாக ஆறவிடுகிறோம். மறுநாள்தான் வெளியே விடுவேன், ஹாஜியாரே வந்து கேட்டாலும். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தொட்டால் சுடவில்லை என்பதற்காக யாரையும் குழிக்குள் அனுப்பாதீர்கள்.