சுவரில் கேட்ட பாட்டு

என் தங்கை மேவிஸின் புருஷன் வில்ஃப் என்ட்விசிலைப் பற்றி இங்கிலாந்தில் எங்கள் ஊரான போல்ட்டனில் ஆம்ப்ளிஃபயர் கட்டுகிறவர்கள் இன்றும் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள். எனக்கு அந்த மரியாதை வராது.

அவன் பஞ்சாலையில் மெக்கானிக். கண்ணாடிக் குமிழ் மாதிரி ஒளிரும் வால்வுகளை வைத்து வீட்டிலேயே ஆம்ப்ளிஃபயர் கட்டுவது ஐம்பதுகளில் எங்கள் ஊர் ஆண்கள் பலருக்குப் பிடித்திருந்த பைத்தியம். இவனுக்கு அது முற்றிப்போயிருந்தது. அவன் ஆம்ப்ளிஃபயரில் ஸ்பீக்கரை ஓட்டும் கடைசிப் பகுதியில் இரண்டு வால்வுகள். ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்க வேண்டும், இரண்டும் சமமாக உழைத்தால்தான் ஒலி சுத்தமாக வரும் என்பான். அந்த இரண்டுக்கும் நடந்த உபசாரத்தில் பாதிகூட என் தங்கைக்கு நடந்ததில்லை.

மேவிஸ் சிறு வயதிலிருந்தே பஞ்சுத் தூசியில் உழைத்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவள். அந்தக் குளிர்காலம் அவளால் மாடி ஏற முடியவில்லை. கட்டிலை முன்னறைக்கு இறக்கியிருந்தோம். மூச்சு இருந்தவரை தேவாலயப் பாடகர் குழுவில் பாடியவள். அந்தக் குழுவின் கிறிஸ்துமஸ் பாட்டுகளை ஒரு ஞாயிறு மதியம் ரேடியோவில் நேரடியாக ஒலிபரப்புவதாக இருந்தது. ஒரே தடவை, விட்டால் போனதுதான். அவள் அந்த ஞாயிற்றுக்காகவே உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டு ரேடியோவில் நிலையத்தைப் பிடிக்கும் பகுதியை மட்டும் விட்டுவிட்டு, ஸ்பீக்கர் உட்பட மிச்சத்தையெல்லாம் வில்ஃப் தன் ஆம்ப்ளிஃபயருக்குப் பிடுங்கிக்கொண்டிருந்தான். போகட்டும், அது வெள்ளிக்கிழமையே நன்றாகப் பாடியது. நானே கேட்டேன். ஞாயிறு காலை போய்ப் பார்த்தால், குடல் சரிந்து மேசைமேல் கிடக்கிறது.

"என்னடா பண்ணிட்டிருக்க?"

"ஒரு வால்வு கொஞ்சம் அதிகமா இழுக்குது, க்ளெம்."

"காதுக்குத் தெரியுதா?"

"மீட்டருக்குத் தெரியுது."

"நான் போய் என் ரேடியோவத் தூக்கிட்டு வர்றேன்."

"அந்தத் தகர டப்பாவையா? அவ குழு பாடறத அவ அதுலயா கேக்கணும்?"

"விடு க்ளெம்," என்றாள் மேவிஸ் கட்டிலிலிருந்து. "எனக்காகத்தானே பண்ணுது அந்தப் பைத்தியம்."

ஒலிபரப்பு தொடங்கும் நேரத்துக்குத்தான் கம்பிகளை ஈயத்தால் பற்றவைத்து முடித்தான். சுவிட்சைப் போட்டதும் ஸ்பீக்கர் ஊளையிட்டது. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வால்வுகளுக்குப் போகும் இரண்டு கம்பிகள் இடம் மாறினால் அப்படித்தான் ஊளையிடும். கற்றுக்குட்டிக்கும் தெரிந்த தப்பு.

"கம்பிய மாத்திட்டியா பாரு," என்றேன்.

"நானா? எத்தனை வருஷமா இந்த வேலை பண்றேன்?"

வால்வுகளைக் கழற்றி வேறு போட்டான். ஊளை. அங்கே தட்டினான், இங்கே சுரண்டினான். மறுபடி ஊளை. கௌரவம் பிடித்த மடையன், அந்த இரண்டு கம்பிகளை மட்டும் தொடவில்லை. நான் மேவிஸைத் திரும்பிப் பார்த்தேன். அவள் புரண்டு படுத்து, பக்கத்து வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் பொதுவான சுவரில் காதை ஒட்டவைத்திருந்தாள்.

"வில்ஃப், அதக் கொஞ்சம் அணைச்சு வையேன் கண்ணு," என்றாள். மூச்சு வாங்கியது. "பில்லிங் வீட்டு ரேடியோ சுவர்ல கேக்குது. எங்க ஆளுங்க பாடறாங்க."

"இதோ, ஒரே நிமிஷம்," என்றான் அவன் தலை நிமிராமல்.

பொறுத்துப் பார்த்துவிட்டு நானே பிளக்கைப் பிடுங்கி எறிந்தேன். வீடு அமைதியானது. சுவருக்கு அந்தப் பக்கம் ரேடியோவில் ஒரு ஆள் நாளைக்குப் பனி விழும் என்று வாசித்துக்கொண்டிருந்தான். மேவிஸ் காதை எடுக்கவில்லை. அடுத்த பாட்டு வரும் என்று நினைத்தாளோ என்னவோ.

பிப்ரவரியில் போய்விட்டாள். அடக்கம் முடிந்து, வீட்டில் டீயும் ஹாம் இறைச்சியும் பரிமாறினோம். வில்ஃபின் ரேடியோச் சங்கத்து நண்பர்கள் தயங்கித் தயங்கி ஆம்ப்ளிஃபயரைப் பற்றிக் கேட்டார்கள். அவன் போட்டுக் காட்டினான். துளி இரைச்சல் இல்லை என்று தட்டைக் கையில் வைத்துக்கொண்டே தலையாட்டினார்கள்.

"இப்பக் கேளு க்ளெம்," என்றான் என்னிடம். "ரெண்டும் சமமா இழுக்குது."

நான் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.