தாழ்ப்பாள் உள்ள கடை

கடைக்குள் நுழைந்ததும் புஷ்பவள்ளி துணியைப் பார்ப்பதில்லை. வாசலில் தொங்கும் பூவும் ஜரிகையும் கை நீட்டிக் கூப்பிட்டாலும் திரும்பாமல், நேராகக் கடைக்கோடிக்குப் போவாள். உடுத்திப் பார்க்கும் அறை அங்கேதான் இருக்கும். திரை போட்டிருந்தால் அதன் ஓரத்தை இழுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்குவாள். கதவாக இருந்தால் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டு ஒரு உலுக்கு உலுக்குவாள். அது ஆடவில்லையென்றால்தான் வெளியே வந்து, "ம்... என்னா மாடல் வச்சிருக்கீங்க?" என்று பேச்சைத் தொடங்குவாள்.

"அக்கா சட்டை வாங்க வந்தாங்களா, வாடகைக்கு வீடு பாக்க வந்தாங்களான்னே தெரியல லா" என்பாள் பக்கத்து வீட்டு மாலா. ரவாங் தொழிற்சாலையில் வேலை. சனிக்கிழமை வந்தால், எந்தக் கடைக்கானாலும் புஷ்பவள்ளியின் வேனில் தொற்றிக்கொள்வாள்.

புக்கிட் செந்தோசாவில் அந்தப் பள்ளிக்கூட வேனைத் தெரியாத வீடு இல்லை. வேன் வருவதற்கு முன்பே அதை ஓட்டும் புஷ்பவள்ளியின் குரல் வந்துவிடும். "டேய் சோமு, கைய உள்ள வைடா! அது உன் சொந்தக் கை, வாடகைக் கை இல்ல!" அப்படிக் கத்துகிறவள் இருக்கைப் பட்டையைப் போடும்போது மட்டும் மெதுவாகிவிடுவாள். மடித்த பூந்துவாலை ஒன்றைப் பட்டைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் வைத்த பிறகே சாவியைத் திருப்புவாள். ஏனென்று சோமு ஒருநாள் கேட்டான். "பெல்ட்டு கடிக்குதுடா."

கடிப்பது, இடது மார்பு இருந்த இடத்தில். அரசாங்க மருத்துவமனையில் அதை எடுத்து இரண்டு வருடமாகிறது. ஊருக்குச் சொன்ன கதை, "வயித்துல கட்டி." உண்மை மகள் நித்தியாவுக்கு மட்டும் தெரியும். ஏன் மறைக்க வேண்டும் என்று நித்தியா கேட்டதற்கு அவளிடம் பதில் தயாராக இருந்தது. "பிள்ளைங்களோட அம்மாங்க எல்லாம் தலையச் சாச்சு, 'எப்பிடி இருக்கீங்க அக்காஆஆ'ன்னு இழுப்பாளுங்க. அப்புறம் நான் திட்டுனா வேன்ல எவன் பயப்படுவான்?"

சேலையை விட்டதும் அப்போதுதான். சேலை என்றால் ரவிக்கை வேண்டும். ரவிக்கை என்றால் தையல்கார லெட்சுமி வேண்டும். லெட்சுமிக்கு அளவு நாடா ஒன்று, தொண்டை ஒன்று. இரண்டில் தொண்டைதான் நீளம். "மாலா! நெஞ்சு முப்பத்தெட்டு! தீவாளிக்கு முப்பத்தாறுதானே இருந்த? என்னாதான் சாப்புடுற?" பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த நாடாவின் முன்னால் போய் நிற்பதைவிடச் சேலையே வேண்டாமென்று புஷ்பவள்ளி முடிவு செய்தாள். தொளதொளவென்று, முன்பக்கம் பொத்தான் வைத்த கவுன்களுக்கு மாறினாள். மகள் யூனிவர்சிட்டிக்குப் போனதும் அம்மா மாடர்ன் ஆகிவிட்டாள் என்று அந்தத் தாமானே, குடியிருப்பு முழுக்க, பேசிக்கொண்டது. அவள் மறுக்கவில்லை. "சேலையக் கட்டிக்கிட்டு ஒரு நாளு வேன்ல ஏறி எறங்கிப் பாருங்கடி, தெரியும்."

இப்போது நித்தியாவுக்குப் பட்டமளிப்பு விழா வருகிறது. தொலைபேசியில் ஒரே கண்டிஷன் போட்டாள். "அம்மா, அந்தத் தலகாணி உறை எல்லாம் வேணாம். ஒங்க ஒடம்புக்குச் சரியா, கிளாசிக்கா ஒரு டிரெஸ் எடுங்க. நான் போட்டோ மாட்டப் போறேன்." மகள் பக்கத்தில் நின்று காலத்துக்கும் சுவரில் இருக்கப்போகிற படம். அதில் தலையணை உறையோடு நிற்க முடியாது.

ரவாங் கடையில் நல்ல உடைகள் இருந்தன. ஆனால் அறைக்குத் திரைதான். அந்தத் திரைக்குள் விற்பனைப் பெண்ணின் தலை வேறு வரும். "ஆண்ட்டி, சூப்பரா இருக்கு ஆண்ட்டி!" ஆண்ட்டி இன்னும் உடையைக் கையில்தான் வைத்திருப்பாள். ராசா ஊர் இரவுச் சந்தையில் அறையே கிடையாது. அங்கே விற்பவன் நடுத்தெருவில் உடையை நெஞ்சின் மேல் விரித்துப் பிடிப்பான். "ஃப்ரீ சைஸ்கா! ஒங்களுக்கும் பத்தும், ஒங்க மாமியாருக்கும் பத்தும்!" கைப்பேசி நேரலையில், "ஹாய் சிஸ், வேணும்னா கமெண்ட்ல போடுங்க சிஸ்" என்று பாடிய பெண்ணிடம் ஒன்று வாங்கினாள். வீட்டிலேயே போட்டுப் பார்த்துக்கொள்ளலாமே. போட்டுப் பார்த்துவிட்டு மகளை அழைத்தாள். "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி உருண்டை வச்சுத் தச்சிருக்கான்டி. நான் எங்க போவேன்?" சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நித்தியா சிரிக்கவில்லை.

கடைசியாகக் கோலசிலாங்கூர், பழைய கடைவரிசை. கடைக்காரச் சீனத்து அம்மா தோட்டத்து வாடிக்கையாளர்களிடம் தமிழ் பழகியவள். "வா லா தங்கச்சி. சும்மா பாக்குறதுக்குக் காசு இல்ல." புஷ்பவள்ளி வழக்கம்போலக் கடைக்கோடிக்குப் போனாள். சரக்கு வைத்திருந்த அறை போலிருக்கிறது. கனத்த மரக்கதவு, இரும்புத் தாழ்ப்பாள். உலுக்கினாள். அசையவில்லை.

அப்புறம்தான் அந்த உடை கண்ணில் பட்டது. கருநீலம், சின்னக் காலர், இடுப்பில் பட்டை, முழங்காலுக்குக் கீழே இறங்கும் மடிப்பு. கழுத்திலிருந்து இடுப்பு வரை பொத்தான் வரிசை. ஓரத்தைக் கைக்குள் கசக்கிவிட்டாள், சுருக்கம் விழவில்லை. "இதான்" என்று எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் தாழிட்டாள்.

பொத்தான்கள் வெறும் அழகுக்கு. ஒன்றுகூடக் கழலவில்லை. ஜிப் முதுகில் இருந்தது.

தன் கவுனைக் கழற்றி முக்காலியில் வைத்தாள். அதன் மேல், தானே பஞ்சு வைத்துத் தைத்த சின்னத் திண்டை வைத்தாள். கருநீலத்தைக் கால் வழியாக ஏற்றினாள். வலது கை ஜிப்பைப் பாதி முதுகு வரை கொண்டுவந்தது. அதற்கு மேல் இடது கைதான் தோளைத் தாண்டி வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அந்தக் கை அவ்வளவு தூரம் வருவதில்லை.

"அக்கா, தூங்கிட்டீங்களா?" வெளியே மாலா.

"அது பின்னால ஜிப் தங்கச்சி! நான் வரவா?" கடைக்கார அம்மா.

"வேணாம், வேணாம்!"

"பத்தலன்னா விட்டுருங்கக்கா. வேற கடை பாப்போம்."

மற்ற கடைகளில் இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் காத்திருப்பாள். கண்ணாடியைப் பார்த்தாள். தோள் சரியாக நின்றது. இடுப்பு சொல்லி வைத்துத் தைத்தது போல் இருந்தது. இடப்பக்கம் மட்டும் துணி உள்ளே ஒடுங்கியிருந்தது. திண்டை வைத்தால் நிமிர்ந்துவிடும். வைக்கும்வரை ஜிப் காத்திருக்கும். ஆனால் ஜிப்புக்கு இன்னொரு கை வேண்டும். விழா நாள் காலையிலும் வேண்டும்.

"மாலா."

"என்னாக்கா?"

"நீ மட்டும் வா. வாய வெளிய வச்சிட்டு வா."

இரும்பு கிறீச்சிட்டுப் பின்வாங்கியது. முக்காலியில் திண்டு கிடந்தபடியே கிடந்தது. புஷ்பவள்ளி வலது கையால் கூந்தலை அள்ளித் தோளுக்கு முன்னால் போட்டுக்கொண்டு, திறக்கிற கதவுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.